பலகைத் துண்டும் ஒரு வாளித் தண்ணீரும்

பெரும்போக வயலுக்கு எறிகிற யூரியா நம் குசினி அலுமாரிக்குள்ளும் இருக்கிறது. சிப்போட் பலகையில் மரச் சீவல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை பெரும்பாலும் யூரியாவும் போமல்டிகைட்டும் சேர்ந்து உண்டானது. பலகையின் மேல் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான வெள்ளைத் தோல் மெலமைன். தொழிற்சாலைகளில் அதையும் யூரியாவிலிருந்துதான் செய்கிறார்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பான்ட்ரி அலுமாரிக்கு விலை கேட்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பசையைப் பற்றித்தான். நிறமும் கைபிடியும் பிறகு பார்க்கலாம்.

போர் முடிந்த பின் வன்னியில் எழும்பிய வீடுகளில் பெரும்பகுதி அளந்து கிடைத்த காசில் கட்டியவை. 2012 ஒக்டோபர் 2இல் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கொடுத்தது. ஏறத்தாழ 550 சதுர அடி வீடு, கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. சுவரும் கூரையும் வந்த பிறகு, பிள்ளை உழைக்கத் தொடங்கியதும் அல்லது வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் காசு வந்ததும், குசினியைத் திருத்துவோம் என்ற எண்ணம் வருகிறது. அந்தக் காசு இரண்டாம் முறை வராது. மூன்று மாரிக்குள் அடிப்பலகை பொருமி, கதவு தொங்கி, அலுமாரியைக் கழற்றி வெளியே போடுவது சின்ன இழப்பில்லை.

பொருத்திய குசினி என்பதே போருக்குப் பிந்திய சிக்கன வீட்டில் பிறந்ததுதான். முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரத்தில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1926இல் ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு குசினியை வரைந்தார். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் ஒடுங்கிய சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. அதைப் போல ஏறக்குறைய 10,000 குசினிகள் கட்டப்பட்டன. மாவில் புழு பிடிக்காதிருக்க மாவுப் பெட்டியை ஓக் மரத்தில் செய்யச் சொன்னார்; அரிசி, பருப்புப் பெட்டிகள் அலுமினியம்; வெட்டும் மேசை பீச் மரம். எந்தப் பொருள் எந்த எதிரியைத் தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் தெரிந்தெடுத்தார். நம் எதிரிகள் வேறு. வருடத்தில் பாதிக்கு மேல் வறண்ட வெயில், பிறகு ஒக்டோபர் தொடக்கம் கொட்டித் தீர்க்கும் வடகீழ்ப் பருவமழை, அதற்கு மேல் கறையான்.

மழைக்காலத்தில் கதவு இறுகுவது எல்லா வீட்டிலும் நடப்பது. மர நாரின் சுவருக்குள் ஈரம் புகும்போது நார் பருக்கிறது, ஆனால் நீளுவது மிகமிகக் குறைவு. அதனால்தான் ஒரு பலகை அகலத்தில் கூடிக் குறையும், நீளத்தில் அசையாது. பிளைவூட் இந்தக் குணத்தை வைத்தே அதை அடக்குகிறது. மெல்லிய மரத்தாள்களை ஒன்று நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஒட்டுகிறார்கள். ஒரு தாள் அகல முயன்றால் மேலும் கீழும் உள்ள தாள்களின் நெடுநார் அதை விடாது.

சிப்போட்டின் கதை வேறு. சீவல்களைச் சூட்டில் அமுக்கி நெரித்துப் பலகையாக்கியிருக்கிறார்கள். இறுக்கிக் கட்டிய வைக்கோல் கட்டின் கயிறு அறுந்தது போல, பசை விட்டதும் ஒவ்வொரு சீவலும் தன் பழைய தடிப்புக்குத் திரும்பப் பார்க்கும். பசை ஏன் விடுகிறது? யூரியாவும் போமல்டிகைட்டும் கைகோக்கும்போது தண்ணீர் மூலக்கூறு ஒன்று வெளியேறுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்து தாக்கினால் அதே தண்ணீர் திரும்ப உள்ளே புகுந்து அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடும். சிங்கின் கீழே, அடுப்பின் பக்கத்தில், இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. பினோல் கலந்த பசையில் இந்தப் பின்னோக்கிய பயணம் எளிதில் நடக்காது. கடல் தரம் என்று சொல்லப்படும் பிளைவூட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 710 வைக்கும் சோதனைகளில் ஒன்று, துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டு ஒட்டு விடுகிறதா என்று பார்ப்பது.

வீட்டில் அவ்வளவு தேவையில்லை. பட்டறையில் வெட்டி எறிந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், உள்ளங்கை அளவு போதும். அடிமட்டத்தால் தடிப்பை அளந்து பென்சிலால் எழுதுங்கள். வாளியில் ஓரங்குலத் தண்ணீர் விட்டுத் துண்டை நிமிர்த்தி வையுங்கள். மறுநாள் எடுத்தால் சாதாரண சிப்போட்டின் கீழ்விளிம்பு உதடு வீங்கியது போலப் பிதுங்கி நிற்கும், மெலமைன் தோல் ஓரத்தில் எழும்பியிருக்கும், நகத்தால் சுரண்டினால் தூள் வரும். வெயிலில் ஒரு கிழமை காய வைத்தாலும் பழைய அளவுக்கு வராது. நல்ல பிளைவூட் கொஞ்சம் பருத்து, காய்ந்ததும் கிட்டத்தட்ட இருந்தபடி இருக்கும். பிளைவூட் துண்டை ஒரு மணி நேரம் கொதிக்கவும் விட்டுப் பார்க்கலாம், தாள்தாளாகக் கழன்றால் பசை மலிவானது. நடுவில் பச்சை நிறமாக இருக்கிறது, ஈரம் தாங்கும் பலகை என்று சொன்னாலும் வாளியில் போட்டுப் பாருங்கள். பச்சை அடையாளச் சாயம் மட்டுமே. அந்தச் சாயம் ஈரத்தைத் தடுக்காது.

தோலைப் பற்றியும் ஒரு சொல். சில பலகைகளுக்குத் தோலாக ஒட்டும் போர்மைக்கா தகட்டை 1910களில் அமெரிக்காவில் இரண்டு பொறியியலாளர்கள் கண்டுபிடித்தது மின்கருவிகளுக்குக் காப்புப் பொருளாக. பிசினில் ஊறிய காகிதத் தாள்களை அடுக்கி அழுத்திய தகடு அது. சூட்டையும் கீறலையும் நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் பெரும்பாலும் முகத்தால் வருவதில்லை, ஓரத்தால் வருகிறது. வெட்டிய விளிம்பு, திருகாணித் துளை, சிங்குக்கு அறுத்த ஓட்டை ஆகியவைதான் வாசல்கள். அறுத்த இடத்துக்கு என்ன பூசுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே வேலைக்காரரின் தரம் பாதி தெரிந்துவிடும்.

புது அலுமாரியின் கண்ணெரிக்கும் மணம் போமல்டிகைட். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. ஈ1 என்ற குறி உள்ள பலகை அதைக் குறைவாக விடும். எதுவாயினும் பூட்டிய முதல் சில கிழமைகள் அலுமாரிக் கதவுகளையும் யன்னலையும் திறந்தே வையுங்கள்.

இந்தத் தொல்லை வேண்டாமென்று பலர் அலுமினிய பான்ட்ரிக்குப் போகிறார்கள். நல்ல தெரிவுதான். அலுமினியம் காற்றுப் பட்ட உடனேயே தன் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுத் தோல் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். கீறினால் அந்த இடத்திலும் மறுபடி போர்த்துக்கொள்ளும். ஆனால் காரத்துக்கு அந்தத் தோல் கரையும். ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒரு காலத்தில் எரிசோடா செய்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அலுமினியத்துக்கு எரிசோடாவைப் போல எமன் வேறில்லை. அடுப்புச் சாம்பலும் ஈரச் சீமெந்தும் அதே பக்கம் நிற்பவை. ஆகவே சாம்பலால் துலக்க வேண்டாம், சுவருக்கும் அதை ஒட்டும் சட்டத்துக்கும் நடுவே இறப்பர் பட்டியோ வர்ணமோ இருக்கட்டும். முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்று இந்தத் தோலைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அங்கே பவுடர் பூச்சுச் சட்டத்துக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண் போகாது. சட்டம் அலுமினியம் என்றாலும் நடுப்பலகை எது என்று கேட்க மறக்காதீர்கள், சில வேளை அதுவும் சிப்போட்டாக இருக்கும்.

கறையானுக்கு உலர்ந்த காற்று ஆகாது. அதன் மெல்லிய தோல் விரைவில் வற்றிவிடும். அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டி அதற்குள்ளேயே ஏறுகிறது. அந்தக் குழாய் கண்ணில் பட வேண்டும், அதுதான் காவல். அலுமாரியை நிலத்தோடும் சுவரோடும் ஒட்டி மூடிப் பூட்டினால் குழாய் பின்னால் ஏறுவது தெரியாது. நாலங்குலக் காலில் நிறுத்தி, அடிப்பாகத்தைத் திறந்து விட்டால் கூட்டும்போதே கண்டு தட்டிவிடலாம்.

கை இறுக்கமானவர்களுக்கு என் முதல் தெரிவு பட்டறையே இல்லை, மேசன். செங்கல்லோ கொங்கிறீற்றோ கொண்டு தடுப்புச் சுவரும் தட்டும் கட்டி, மேலே ரைல் பதித்து, கதவுகளை மட்டும் அலுமினியத்தில் போடுவது. ஈரமும் கறையானும் தின்ன அதில் ஒன்றுமில்லை. கதவுகளைக் காசு வரும்போது ஒவ்வொன்றாகவும் பூட்டலாம். கட்டும் முன் சமைப்பவரை நிற்க வைத்து முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே தட்டின் உயரத்தைக் குறியுங்கள். படப் புத்தகத்து அளவு அவருடைய முதுகுக்குப் பொருந்த வேண்டியதில்லை. முதிரைக் கதவு வேண்டுமென்றால் அனுமதிப் பத்திரத்தோடு வந்த மரமா என்று பாருங்கள். பத்திரமில்லாமல் மலிவாக வருவது வன்னிக் காட்டின் மரம், அதை வாங்கக் கூடாது.

விலை கேட்கும்போது ‘அடி’ என்பது நீள அடியா, சதுர அடியா, மேல் அலுமாரியும் கீழ் அலுமாரியும் தனித்தனிக் கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பட்டறை விலையை ஒப்பிட அதுதான் ஒரே வழி. பலகையின் வகை, தடிப்பு, பிணைச்சல், சிங்கு அறுக்கும் கூலி எல்லாம் அதே தாளில் வர வேண்டும். முற்பணம் மூன்றிலொன்றுக்கு மேல் வேண்டாம். கடைசிப் பங்கை எல்லாக் கதவையும் திறந்து மூடி, சிங்கில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்த பிறகு கொடுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்க அந்தச் சீட்டு வேண்டும்.

நல்ல தச்சருக்குப் பலகைத் துண்டு கொடுப்பதில் நட்டமில்லை, தன் பலகையை நம்புகிறவர் சந்தோசமாகவே தருவார். தர மறுக்கிறவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள், அடுத்த பட்டறைக்குப் போங்கள்.