ரஞ்சிப் பருவத்தை எதிர்நோக்கி

ஐப்பசி மழை மலைச்சரிவில் இறங்க, போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு மும்முரமாக நடக்க, விடியுமுன்னே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலேறவும், கீழே போடிநாயக்கனூரில் வியாபாரிகள் மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டிப் பருமனும் பச்சையும் பார்த்து விலை கேட்கவும் ஊரே பரபரப்பாயிருக்கும் காலத்தில்தான், ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட் பருவமும் பிறக்கிறது.

இருபது ஓவர் ஆட்டத்தில் பழகிய கண்களுக்கு நான்கு நாள் ஆட்டம் அலுப்பாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் அதன் சுவை புள்ளிக் கணக்கில் இருக்கிறது. வெற்றிக்கு 6 புள்ளி. வெற்றி தோல்வியின்றி முடிந்தாலோ, முதல் இன்னிங்ஸில் முந்திய அணிக்கு 3, பிந்தியதற்கு 1. ஆகையால், எதிரணியின் எண்ணிக்கையைத் தாண்டப் பத்து ஓட்டம் வேண்டியிருக்கையில், மட்டை பிடிக்கத் தெரியாத பதினோராவது ஆட்டக்காரர் தட்டுத்தடுமாறி எடுக்கும் ஓர் ஓட்டமும் விசேஷ மதிப்புப் பெற்றுவிடுகிறது.

இப்போட்டியின் முதல் ஆட்டமே நம்முடையது. 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூரைச் சென்னை ஒரே நாளில் வென்றது. அவர் புதல்வர் கிருபால் சிங் இடம்பெற்ற அணி, பாலு அழகண்ணன் தலைமையில், 1954-55 பருவத்தில் இந்தூரில் ஹோல்கரை 46 ஓட்ட வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பையை முதன்முதலாகக் கைப்பற்றியது. பிறகு 1987-88இல், எஸ். வாசுதேவன் தலைமையில் மறுமுறை. அதற்குப் பின் இறுதியாட்டம்வரை சென்றதுண்டே தவிரக் கோப்பை கிட்டவில்லை. 2024 மார்ச்சில் சாய் கிஷோர் தலைமையிலான அணியும் அரையிறுதியில் மும்பையிடம் தோற்றது.

எனினும், கோப்பை ஒன்றையே கருதி இப்பருவத்தை எதிர்நோக்குவது அதன் பிரயோஜனத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ஏலச்செடியில் எல்லாக் காயும் ஒருசேர முற்றுவதில்லை. முற்றியதை மட்டும் பறித்து, மற்றதற்கு அடுத்த எடுப்புவரை பொறுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களும் அவ்வாறே. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜன் 2015 ஜனவரியில் ரஞ்சியில் அறிமுகமானார்; பந்துவீசும் முறையைப் பற்றி எழுந்த ஆட்சேபத்தால் அதைச் சிரமப்பட்டுத் திருத்திக்கொண்டு, 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடினார்.

சென்னை தூரமென்று போடிக்காரர்கள் அலுத்துக்கொள்ள வேண்டியதில்லை. திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்திலும் ரஞ்சி ஆட்டங்கள் நடந்ததுண்டு. இவ்வாண்டு அப்படியொரு வாய்ப்பு நேர்ந்தால், பிரசித்தி பெற்றவர்களைத் தேடாமல், பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் மூன்றாம் நாள் பிற்பகலிலும் அதே வேகத்தில் ஓடிவந்து வீசுகிறானா என்று கவனியுங்கள். நாளைய இந்திய அணியைத் தேர்வாளருக்கு முன்பே கண்டுகொள்ளும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டலாம்.