இன்ஜினை இறக்குவது ஒரு நாள் வேலை... திரும்ப ஏற்றுவது? ஸ்டாண்டர்டு ஹெரால்டு சொல்லித்தரும் பாடம்!

வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய காரைச் சுற்றி எப்போதும் ஒரு வாக்குறுதி இருக்கும். ``லீவு வரட்டும், தாத்தா வண்டியைச் சரி பண்ணிடலாம்.''

லீவு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து, சாயங்காலத்துக்குள் இன்ஜினை இறக்கியும் விடுவார்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் சிக்கலே. இன்ஜின் ஷெட்டின் ஒரு மூலையில், பாடி இன்னொரு மூலையில், போல்ட்டுகள் ஒரு பெயின்ட் டப்பாவில். எது எங்கே இருந்தது என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும். ஓடாவிட்டாலும் முழுசாக இருந்த கார், இப்போது உதிரி பாகங்களாகிவிடும். கடைசியில் எடைக்குப் போகும்.

பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் பயப்பட வேண்டிய இடம் இதுதான். அதைப் புரிந்துகொள்ள, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை விடப் பொருத்தமான கார் கிடையாது.

முகமே திறக்கும் கார்

1959-ல் இங்கிலாந்தில் `டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதை மெட்ராஸில் தயாரித்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கே கிடைக்காத நான்கு கதவு ஹெரால்டு, பின்னாளில் இங்கே கிடைத்தது!

அந்தக் காலத்தில் பல சிறிய கார்கள், பாடியும் சேஸிஸும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனி சேஸிஸோடு வந்தது. அந்த நிறுவனத்துக்கு பாடி செய்து கொடுத்த கம்பெனியை, போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், பாடியைச் சின்னச் சின்ன பாகங்களாகச் செய்து சேஸிஸ் மீது போல்ட் போட்டு இணைத்தார்கள். அன்றைய நெருக்கடி, இன்று காரைப் பிரிப்பவர்களுக்கு வரம்.

பானெட்டைத் தூக்கினால் ஹெட்லைட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து காரின் முகமே முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீது உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். 948 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின் மூன்று பக்கமும் திறந்தபடி நிற்கும். இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் அவசரமும் வருகிறது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்...

முதலில் தேட வேண்டியது ஸ்பேனரை அல்ல, ஆர்.சி. புக்கை. அதில் இருக்கும் இன்ஜின் எண்ணும், பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் சரிபாருங்கள்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதியைக் கொண்டுவந்தது. முதல் பதிவு செய்து 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சி, வின்டேஜ் ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம், தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

ஆக, தேய்ந்துபோன பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கார் இன்ஜினை வைத்தால், இந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம். ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் இன்ஜினை மாற்றினால் ஆர்.சி-யிலும் சிக்கல். தாத்தா ஓட்டிய இன்ஜினைக் காப்பாற்றுவது பாசத்துக்காக மட்டுமல்ல, காரின் அடையாளத்துக்காகவும்தான்.

அடுத்து, இன்ஜின் காரில் இருக்கும்போதே செய்ய வேண்டிய ஒரு சோதனை. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும்.

``அண்ணே, மிதிக்கட்டுமா?''

``மிதி தம்பி... இப்ப விடு... மறுபடியும் மிதி.''

ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் புல்லி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னால் நகர்ந்தால், உள்ளே `த்ரஸ்ட் வாஷர்' தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்து வைக்கும் அரைவட்டத் தகடுகள் அவை. இந்த இன்ஜின் குடும்பத்தின் பழைய பலவீனம் இது. தகடு முழுவதும் தேய்ந்து கீழே விழுந்துவிட்டால், கிராங்க் ஷாஃப்ட் பிளாக்கையே அரைத்துவிடும். புல்லி ஆடினால் மேற்கொண்டு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்!

வீட்டில் எல்லோருக்கும் வேலை உண்டு

இனி பிரிக்கலாம். ஒவ்வொரு ஒயரையும் குழாயையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம், கழற்றிய பிறகு ஒரு படம். ஒயர்களின் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுத வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டுகளும் தனித்தனி ஜிப் கவரில் போக வேண்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் பெரியவர்களை விடக் கச்சிதமாகச் செய்வார்கள்.

ஸ்பேனர் விஷயத்தில் கவனம். ஹெரால்டின் நட்டு, போல்ட்டுகள் இன்ச் அளவு. அரை இன்ச் போல்ட்டில் 13 மி.மீ ஸ்பேனர் உட்காருவதுபோல இருக்கும். அழுத்தித் திருப்பினால் போல்ட் தலை மழுங்கிவிடும். துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு வைப்பது நல்லது.

வேலையின் வரிசை இதுதான். முதலில் பேட்டரியின் எர்த் ஒயர், பிறகு பேட்டரி. பெட்ரோல் குழாயைக் கழற்றி அடைக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. ரேடியேட்டர் தண்ணீரையும் இன்ஜின் ஆயிலையும் வடிக்க வேண்டும். லைட் ஒயர்களைப் பிரித்து, கீலின் இடத்தைக் குறித்துவைத்து, இரண்டு பேர் சேர்ந்து பானெட்டை அப்படியே தூக்கி ஓரமாக வைக்கலாம். அடுத்து ரேடியேட்டர், கார்புரேட்டர், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, சைலன்ஸர் குழாய், டைனமோ, செல்ஃப் மோட்டார்.

கியர் பாக்ஸுக்கு வழி காருக்குள்ளே இருக்கிறது. சீட்டையும் தரைவிரிப்பையும் எடுத்தால், நடுவில் இருக்கும் கூண்டு போன்ற மூடியைக் கழற்றிவிடலாம். இன்ஜினை மட்டும் எடுப்பதென்றால், கியர் பாக்ஸுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, இன்ஜினை நேராக முன்னால் இழுக்க வேண்டும். பாதி வெளியே வந்த இன்ஜினின் எடை கியர் பாக்ஸ் ஷாஃப்ட் மீது தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்துவிடும்.

செயின் பிளாக்கை எதில் மாட்டுவது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. மாமரக் கிளையோ, ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாங்கும் குழாயோ இதற்கு லாயக்கில்லை. சக்கரம் வைத்த இன்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைத்தால் அதுவே பாதுகாப்பு. தொங்கும் இன்ஜினுக்குக் கீழே ஒரு விரல்கூடப் போகக் கூடாது. குழந்தைகள் அந்த நேரத்தில் தூரத்தில்தான் நிற்க வேண்டும்.

வெளியே வந்தாயிற்று... அடுத்து?

த்ரஸ்ட் வாஷர், கிளட்ச் பிளேட், ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட இதை விட்டால் நேரம் கிடைக்காது. வால்வுகளையும் கவனிக்க வேண்டும். ஹெரால்டு உருவானது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில். அந்த ஈயம் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்தது. 2000-ல் இந்தியாவில் ஈய பெட்ரோல் நிறுத்தப்பட்டது. சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கடினமான வால்வு சீட் போட்டுக்கொண்டால் அந்தக் கவலை தீரும். இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஆனால், `வந்ததுதான் வந்தோம், பாடியையும் பிரித்துவிடலாமே' என்ற ஆசைக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். கார்கள் திரும்ப எழாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இன்ஜின் திரும்ப ஏறி, கார் ஓடட்டும். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் அடுத்த லீவுக்கு!

திரும்ப ஏற்றிய பிறகும் ஒரு கடைசிப் பொறுமை தேவை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மோட்டாரால் இன்ஜினைச் சுற்றவிட வேண்டும். விளக்கு அணைந்தால் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு பிளக்கை மாட்டி, சாவியைத் திருப்பலாம்.

அந்த முதல் சத்தம் கேட்கும்போது, வீட்டில் அந்தக் காரில் ஏறிப் பழகிய பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இன்ஜின் சரியாக ஓடுகிறதா என்பதை மெக்கானிக்குக்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார்.