திரை மாற்றியதும் சார்ஜ் ஏறவில்லையே, ஏன்?

உடைந்த டிஸ்ப்ளேயை மாற்றி போனைக் கையில் வாங்கியாயிற்று. படம் பளிச்சென்று தெரிகிறது. சார்ஜ் மட்டும் ஏறவில்லை. திரைக்கும் சார்ஜுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் திரையைக் கழற்றும் முன் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுவார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜ் போர்ட் அடிப்பக்கத்தில் தனிச் சிறு போர்டில் இருக்கும். அங்கிருந்து மதர்போர்டுக்கு மின்சாரம் போவது மெல்லிய ரிப்பன் கேபிள் வழியே. அதன் முனை சரியாக அழுந்தாவிட்டாலோ, மடிப்பில் கீறல் விழுந்தாலோ வழி அடைபட்டுவிடும்.

பேட்டரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லித்தியம் அயனி பேட்டரிக்கு சுமார் 0 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் சார்ஜ் ஏற்றலாம். அதைக் கண்காணிக்க வெப்ப உணரி இருக்கிறது. பிளஸ், மைனஸ் முனைகள் தொட்டு, உணரியின் முனை தொடாவிட்டால் போன் இயங்கக்கூடும். ஆனால் வெப்பநிலை தெரியாததால் சார்ஜிங் சிப் மின்சாரத்தை உள்ளே விடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். போர்ட்டில் பஞ்சு, தூசு அடைத்திருக்கிறதா என டார்ச் அடித்துப் பாருங்கள். யூஎஸ்பி மீட்டரில் 5 வோல்ட் காட்டியும் ஆம்பியர் 0 என்றால், போன் மின்சாரத்தை இழுக்கவில்லை. வயர்லெஸ் சார்ஜ் ஏறுகிறதென்றால் சந்தேகம் போர்ட் மீதும் ரிப்பன் மீதும்தான். கனெக்டர்களைக் கழற்றி மாட்டும் வேலையைக் கடைக்காரரிடமே விடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.