ஊற்றோவியம்

தூரிகை தொடாது, கோடு கீறாது, வண்ணக் குழம்பைப் பலகைமேல் ஊற்றிச் சாய்த்த அளவிலே தோன்றும் உருவங்களை ஓவியமென்று கொள்ளலாமோ? தற்செயலாய் விளைந்ததனைக் கலையென்பது தகுமோ? புதுக்கோட்டை மாவட்டத்தாராகிய நாம் இவ்வினாவை ஆராய்தல் பொருத்தமேயாம். கி. பி. 9-ஆம் நூற்றாண்டினவாகிய சித்தன்னவாசல் ஓவியங்கள் நமக்கு அண்மையில் உள்ளன. அக்குடைவரையின் விதானத்திலே தாமரைத் தடாகமொன்று, மீனும் அன்னமும் யானையும் மலர் கொய்வாருமாகத் தீட்டப்பெற்றுள்ளது. அங்கு உருவங்கள் யாவும் முன்னரே கருதி வரையப்பட்டவை. ஊற்றோவியமோ அதற்கு மறுதலையாகத் தோன்றுகின்றது.

மெக்சிகோ நாட்டு ஓவியர் சிக்கேரோஸ் என்பார் 1936-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிலே ஒரு பயிற்சிக்கூடம் அமைத்து, வண்ணத்தின்மேல் வண்ணம் வார்த்துச் சோதித்தனர். ஆண்டுப் பயின்ற ஜாக்சன் பொல்லாக், 1947 முதல், தரையில் விரித்த துணிமீது வண்ணத்தைச் சொட்டியும் வார்த்தும் புகழெய்தினர். இந்நாளில் இம்முறைக்கு நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணமே பெரிதும் பயன்படுகின்றது.

செய்முறை எளிது. வண்ணத்தோடு அதனை இளக்கும் பசைநீரைச் சேர்த்து, கோலினின்று தேன்போல் அறாது ஒழுகும் பதம் வரக் கலத்தல் வேண்டும். தண்ணீரே மிகுமாயின் வண்ணம் பிடிப்பிழந்து பின்னர் உதிரும். பல வண்ணங்களை ஒரு கிண்ணத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வார்த்து, பலகைமீது கவிழ்த்து, நாற்புறமும் மெல்லச் சாய்த்தல் வேண்டும். பின்பு சமனான இடத்தில் தூசி படாது உலரவிடின், நீர் ஆவியாகி, அக்ரிலிக் நுண்டுகள்கள் ஒன்றோடொன்று இணைந்து மென்படலமாகும்.

இவ்வோவியத்தில் தேனடையின் அறைகளையொத்த வட்டங்கள் எழுதற்குக் காரணம் யாது? வண்ணங்களின் கன வேற்றுமையே. டைட்டானியத்தாலாகிய வெள்ளை, கரியாலாகிய கறுப்பினும் கனமுடைத்து. கனத்தது மேலும் இலேசானது கீழும் நிற்பின், மேலது இறங்க, கீழது ஆங்காங்கே பிளந்துகொண்டு மேலெழும். சிக்கேரோஸின் முறையை மெக்சிகோ அறிஞர் சிலர் ஆய்ந்து, 2015-இல் இவ்வுண்மையை வெளியிட்டனர்.

ஆகவே, தற்செயலென நாம் கருதுவதும் இயற்கை நியதிக்கு உட்பட்டதேயாம். எவ்வண்ணம் மேல், எது கீழ், பதம் எத்துணை, எப்பக்கம் சாய்ப்பது என்பனவெல்லாம் செய்வோன் தெரிந்து கொள்வன. சித்தன்னவாசல் ஓவியர் கோட்டை ஆண்டனர். ஊற்றோவியர் ஓட்டத்தை ஆளுகின்றனர். அளவு கடந்து சாய்ப்பின் வண்ணங்களெல்லாம் கலங்கிச் சேற்றுநிறமாய் முடியும். எவ்விடத்துக் கையை எடுப்பதென்னும் தெளிவு உடையானையே நாம் ஓவியன் என்போம். ஏனையோன் வண்ணத்தைச் சிந்தியவனே.