முதல் ஷீட்டும் முதல் அரியரும்



இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் முதலாமாண்டுத் தம்பி, தங்கைகளுக்கு முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்து நாளாகியிருக்கும். "ஆல் கிளியர்" என்று வீட்டுக்குப் போன் போட்டவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டிக் கவிதைப் பக்கத்துக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்காகவும், அடுத்த ஜூன் மாதம் தன் தம்பியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இருக்கிறது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தவன் நான். அதில் ஒன்று டிராயிங்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு இங்கே வந்துவிடுகிறோம். பதினைந்து, பதினாறு வயசு. நம்மோடு படித்தவன் அதே ஊரில், அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருப்பான். நாமோ விடியற்காலை பஸ்ஸில், தோளில் பை, ஒரு கையில் டிராஃப்டர், இன்னொரு கையில் சுருட்டிய ஷீட்டோடு தொங்கிக்கொண்டு வருவோம். "தம்பி, அந்தக் கம்ப உள்ள இழு, யார் கண்ணையாவது குத்திடப் போற" என்று கண்டக்டர் சத்தம் போடுவார். ஊரில் பாட்டி மட்டும் "எம் பேரன் இஞ்சினீருக்குப் படிக்கிறான்" என்று பெருமையடித்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிக்கும் இங்கேயும் உள்ள பெரிய வித்தியாசம் யூனிஃபார்மோ கேன்டீனோ அல்ல. பத்தாம் வகுப்பில் ஒரே பாடத்தை எத்தனை தடவை படித்தோம் என்று எண்ணிப் பாருங்கள். நடத்தும்போது ஒரு தடவை, ஸ்லிப் டெஸ்டுக்கு ஒரு தடவை, காலாண்டு, அரையாண்டு, அப்புறம் வரிசையாக ரிவிஷன் டெஸ்ட். வேண்டாம் வேண்டாம் என்று ஓடினாலும் டீச்சர் பிடித்து உட்கார வைத்து மண்டையில் ஏற்றிவிடுவார். இங்கே மழைக்கு முன்னால் ஆரம்பிக்கிற வகுப்பு தீபாவளியை ஒட்டிப் பரீட்சையில் வந்து நிற்கிறது. யூனிட் ஒரு தடவைதான் நடக்கும். முதல் மாதத்தை "சும்மா இன்ட்ரொடக்‌ஷன்தானே" என்று விட்டவன் இரண்டாம் மாதம் எதைப் பிடித்துக்கொண்டு ஏறுவான்?

அரியர் கணக்கும் பள்ளியிலிருந்து வந்தவனுக்குப் புரியாது. "ரெண்டுதானே, அடுத்த தடவ எழுதிக்கலாம்" என்று நானும் நினைத்தேன். அடுத்த தடவை என்பது அந்த செமஸ்டரின் சொந்தப் பாடங்களோடு சேர்த்து எழுதுகிற தடவை. நண்பர்கள் ஒரு பேப்பருக்கும் அடுத்த பேப்பருக்கும் நடுவில் லீவு என்று படிக்கிறார்கள். அந்த லீவில்தான் எனக்கு அரியர் பேப்பர். டிப்ளமோ முடித்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர நினைப்பவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

சரி, முதல் செமஸ்டரில் நாம் எங்கே சறுக்குகிறோம்? பாடம் கஷ்டம் என்று பொதுவாகச் சொல்கிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என் பெஞ்ச்காரன் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம்.

தமிழ் மீடியம், அரசுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் கணக்கில் என்னைவிட ரொம்ப அதிக மார்க். முதல் மாதம் பிசிக்ஸ் வகுப்பில் சார் 'மொமெண்ட்' என்று போர்டில் எழுதி நடத்திக்கொண்டிருந்தார். இவன் என் பக்கம் குனிந்து, "மொமெண்ட்னா என்னடா?" என்றான். எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். "அதான்டா, மொமெண்டம்" என்றேன். இரண்டு பேரும் டெஸ்டில் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி அழகாக எழுதி வைத்தோம். இரண்டு பேருக்கும் முட்டை. நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "எனக்கு இந்த இங்கிலீஷு வராதுடா" என்றான். அதற்கப்புறம் வகுப்பில் அவன் வாயைத் திறந்து நான் பார்க்கவே இல்லை. ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. டி.சி. வாங்க அவனுடைய அம்மா மட்டும்தான் வந்திருந்தார்கள்.

மூன்றாவது செமஸ்டர் லீவில் என் தங்கைக்குப் பத்தாம் வகுப்பு அறிவியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். இயக்க விதிகள் பாடம். அதில் இருக்கிறது, 'திருப்புத்திறன்': விசை, அது செயல்படும் கோட்டுக்கும் சுழலும் புள்ளிக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவு, இரண்டின் பெருக்கற்பலன். கீலுக்குப் பக்கத்தில் கதவைத் தள்ளினால் நகராது, கைப்பிடியில் தள்ளினால் சுலபமாகத் திறக்கும், அதுதான். அதே பாடத்தில் 'உந்தம்' தனியாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இதைப் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கிவிட்டுத்தான் பாலிடெக்னிக் வந்திருக்கிறோம்! மொமெண்ட் என்றால் திருப்புத்திறன், மொமெண்டம் என்றால் உந்தம். இங்கிலீஷில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற இரண்டு பேர் தமிழில் குழப்பத்துக்கே இடமில்லாமல் தனித்தனியாக நிற்கிறார்கள். அந்த ஒரு சொல்லை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், அல்லது எனக்குத் தெரியாது என்று நான் ஒழுங்காகச் சொல்லி அவன் சாரிடம் கேட்டிருந்தால்... இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே தமிழ் மீடியத்திலிருந்து வந்த தம்பி, தங்கைகளே, பத்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ் என்று எழுதுங்கள். நிலைமம் - இனர்ஷியா. முடுக்கம் - ஆக்சிலரேஷன். மின்தடை - ரெசிஸ்டன்ஸ். ஒளிவிலகல் - ரிஃப்ராக்‌ஷன். முக்கோணவியல் - ட்ரிக்னாமெட்ரி. அணிகள் - மேட்ரிக்ஸ். பாதிப் பேர் பழைய ஆட்கள்தான், சட்டையை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதில் மாட்டிவிடுகிற சில சொற்கள் உண்டு. கணக்கு வகுப்பில் 'சொல்யூஷன்' என்றால் தீர்வு; கெமிஸ்ட்ரி லேபில் அதே சொல்லுக்குக் கரைசல் என்று பொருள். 'பவர்' கணக்கில் அடுக்கு, பிசிக்ஸில் திறன். 'ப்ராடக்ட்' கணக்கில் பெருக்கற்பலன், கெமிஸ்ட்ரியில் விளைபொருள். 'நார்மல்' என்று சார் சொன்னால் சாதாரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், செங்குத்து என்று பொருள். டிராயிங் ஹாலில் 'பிளான்' என்றால் திட்டம் இல்லை, மேலிருந்து பார்க்கும் தோற்றம். இங்கிலீஷ் மீடியக்காரர்களே இவற்றில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்காமல் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இனி டிராயிங். முதல் செமஸ்டரில் படித்து மனப்பாடம் பண்ணி ஒப்பேற்ற முடியாத பாடம் இது. கண்ணும் கையும் பழக வேண்டும், அதற்கு நாள் ஆகும்.

என் முதல் புரொஜெக்‌ஷன் ஷீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கோடெல்லாம் பளிச்சென்று போட்டு, முன்தோற்றத்துக்கு மேலே மேல்தோற்றத்தை வரைந்து கொண்டுபோய் நீட்டினேன். சார் குறுக்கே ஒரே கோடு போட்டார். "சார், மேலேர்ந்து பாத்தது மேலதானே சார் வரும்?" என்றேன். ஹாலே சிரித்தது. ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷனில் மேல்தோற்றம் கீழேதான் வரும் என்பதை அன்றைக்கு ஒரு விதியாக மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். ஏன் என்று புரிய ஒரு வருஷம் ஆயிற்று. எனக்குப் புரியவைத்த சீனியர் ஒரு நோட்டும் ஒரு தீப்பெட்டியும் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். அதையே சொல்கிறேன், கூடவே செய்து பாருங்கள்.

கெட்டி அட்டை நோட்டைப் பாதி திறந்து, ஒரு அட்டையை மேஜையில் உங்கள் பக்கமாகப் படுக்க வையுங்கள். இன்னொரு அட்டை உங்களுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கட்டும். நிற்பது வி.பி., படுத்திருப்பது எச்.பி. தீப்பெட்டியின் உள்பெட்டியைப் பாதி இழுத்துவிட்டு, படுத்திருக்கும் அட்டை மேல் வையுங்கள். இப்போது உங்கள் பக்கமிருந்து செல்போன் லைட்டை அடியுங்கள். நிழல் நிற்கிற அட்டையில் விழுகிறதா? அதுதான் முன்தோற்றம், எலிவேஷன். தலைக்கு மேலிருந்து லைட்டை அடியுங்கள். நிழல் படுத்திருக்கும் அட்டையில் விழும். அது மேல்தோற்றம், பிளான். இரண்டு நிழலையும் பென்சிலால் சுற்றி வரைந்துவிட்டுத் தீப்பெட்டியை எடுத்துவிடுங்கள். நிற்கிற அட்டையைப் பின்பக்கம் சாய்த்து நோட்டை முழுசாக விரித்துப் பாருங்கள். எலிவேஷன் மேலே, பிளான் கீழே! விதி ஒன்றும் இல்லை, நிழல் விழுந்த இடத்தில் வரைகிறோம். இடப்பக்கமிருந்து லைட் அடித்தால் நிழல் வலப்பக்கம்தானே விழும்? அதனால்தான் இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கம் வரைகிறோம்.

(கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் கண்ணாடி இருப்பதாக வைத்து, கண்ணாடியில் தெரிவதை அப்படியே வரைந்தால் பிளான் மேலே வந்துவிடும். அது தேர்ட் ஆங்கிள், அமெரிக்கர்கள் முறை. நான் போட்டது அதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்.பி. 46 நமக்குச் சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள். பின்னாளில் கம்பெனியில் இரண்டு வகை டிராயிங்கும் கைக்கு வரலாம், மூலையில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.)

ஷீட் பாக்கி வைக்காதீர்கள். வாரா வாரம் சேர்ந்துவிடும், அப்புறம் நண்பனுடைய ஷீட்டை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெயில் வெளிச்சத்தில் அச்சு எடுக்க வேண்டியதுதான். நான் மூன்று ஷீட் அப்படி எடுத்தேன், சைன்கூட வாங்கிவிட்டேன். பரீட்சை ஹாலிலும் ஜன்னல் இருந்தது, ஆனால் ஒட்டுவதற்கு நண்பனுடைய ஷீட் இல்லை! அந்த அரியர் இப்படித்தான் வந்தது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. டிராஃப்டரை மாட்டியதும் ஸ்கேல் ஷீட்டின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அரை டிகிரி சாய்ந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரும்போது கோடு ஊரைவிட்டே போயிருக்கும். உதவிக் கோடுகளுக்கு 2ஹெச், உருவக் கோடுகளுக்கு அதைவிட மெதுவான பென்சில். ரப்பர் தூளை உள்ளங்கையால் தள்ளாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து ஷீட்டே கறுத்துவிடும். கைக்குட்டையால் தட்டுங்கள், மீதி நேரம் அதையே கைக்கு அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒர்க் ஷாப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலோருக்கு அது பிடித்துவிடுகிறது. முதல் வாரம் கை கொப்புளிக்கும். அரம் முன்னோக்கிப் போகும்போதுதான் வெட்டும், இழுக்கும்போது அழுத்தினால் அரமும் தேயும் கையும் வலிக்கும். ஹேக்சா பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ராவிய பக்கத்தில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்றிவிட்டுப் போங்கள். தங்கைகள் பின்னலையும் துப்பட்டாவையும் கோட்டுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

ராகிங் பற்றியும் ஒரு வார்த்தை. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அதையடுத்து 1997-இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், குற்றம் நிரூபணமானால் கல்லூரியிலிருந்து நீக்கம். "சும்மா ஜாலிக்குடா" என்று சொல்லும் சீனியருக்கும் இது தெரிந்திருக்கட்டும். நேரில் சொல்லப் பயமாக இருந்தால் 1800 180 5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

ஹாஸ்டல்காரர்களுக்கு முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரொம்ப மோசமாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், பக்கத்துக் கட்டிலில் போர்வைக்குள் படுத்திருக்கிறவனும் தூங்கவில்லை. எழுப்பி டீக்குக் கூட்டிப்போங்கள். வாரா வாரம் ஊருக்கு ஓடுகிறவன் திங்கள்கிழமை காலை பஸ் லேட் என்று முதல் இரண்டு பீரியடை விடுவான். அட்டெண்டன்ஸ் அப்படித்தான் கரைகிறது; கடைசியில் ஹால் டிக்கெட் வராதபோது வீட்டிலிருந்து அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்க வேண்டியிருக்கும்.

இந்த ஏப்ரலில் முதல் செமஸ்டர் டிராயிங்கை மறுபடி எழுதப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பட்டியல் கேட்கவும் மாட்டேன். புதன், வியாழன் இரண்டு நாளும் நாலு மணிக்கு மேல் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நாலைந்து பேர் டிராயிங் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்போம், சாரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஷீட், டிராஃப்டர், பழைய கேள்வித்தாள், அந்த நாற்பது பக்க நோட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். தீப்பெட்டி நாங்களே வைத்திருக்கிறோம். நீங்கள் பையில் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்குள் போனால் வார்டனிடம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷனை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை