புகழும் பிம்பமும்: நட்சத்திர உருவாக்கம் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினமொன்று புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. பகைவரை வெல்லாது போயின் தனக்கு நேரக்கூடிய இழிவுகளை அவன் வரிசைப்படுத்துகின்றான். குடிமக்கள் தன்னைக் கொடியவன் எனத் தூற்றுவது ஒன்று. மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர் கூட்டம் தன் நாட்டைப் பாடாது விடுவது மற்றொன்று. புகழ் வீரனிடத்தே தானாக முகிழ்ப்பதன்று, அதனை ஆக்கித் தருவோர் பிறர் உளர் என்ற தெளிவு அம்மன்னனிடம் இருந்தது. வீரயுகப் பாடல்களைப் பற்றிப் பேராசிரியர் க. கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆய்வு, தலைவர்களுக்கும் அவர்களைப் பாடியோருக்கும் இடையே நிலவிய இவ்வுறவை விரிவாக எடுத்துக்காட்டியது. பின்னர் சோழப் பெருமன்னர் காலத்தில், முதலாம் இராஜராஜன் (985-1014) தொடக்கமாக, மெய்க்கீர்த்தி என்னும் புகழ்ப்பகுதி கல்வெட்டுகளின் தலைப்பிலே பொறிக்கப்படலாயிற்று. நிலதானம் பற்றிய எளிய ஆவணத்துக்குக்கூட மன்னனின் வெற்றிப் பட்டியல் முகவுரையாக அமைந்தது.

எனவே, தன்னைப் பற்றிய தோற்றமொன்றைப் பொதுமக்கள் முன்னே திட்டமிட்டு நிறுவிக்கொள்ளுதல் நமது காலத்துக்கே உரிய புதுமை அன்று. புதுமை வேறிடத்தில் உள்ளது. வீரயுகத்திலே பாடியவன் பரிசில் பெற்றான். அவன் பெயரும் பாட்டோடு நிலைத்தது. பாட்டைக் கேட்ட குடிமகன் அதற்கு விலை கொடுக்கவில்லை. கைத்தொழில் முதலாளித்துவத்தின் காலத்திலோ புகழ் விற்பனைப் பண்டமாகின்றது. அதனை ஆக்கியோரின் உழைப்பு கண்ணுக்குப் புலப்படாது மறைக்கப்படுகின்றது. கேட்போரும் பார்ப்போரும் அதனை விலைக்கு வாங்குகின்றனர். இம்மறைப்பு எவ்வாறு நிகழ்கின்றது, அதனால் யார் பயனடைகின்றனர் என்பனவற்றை, ஹொலிவூட்டின் ஆரம்பகால நட்சத்திர முறையையும் தமிழ்த் திரைப்பட நடிகர் எம்.ஜி.ஆரின் வரலாற்றையும் ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இப்பொருள் பற்றிச் சிந்தித்த சமூகவியலாளருள் மூவரை ஈண்டுக் குறிப்பிடல் தகும். மக்ஸ் வெபர், தனிமனிதர் ஒருவரிடம் அசாதாரண ஆற்றல் உண்டெனப் பிறர் நம்புவதன் மேல் எழும் அதிகாரத்தைப் பற்றிப் பேசினார். அவரது விளக்கத்தில் தலைவரின் ஆற்றலை விட, அதனை ஏற்று அங்கீகரிப்போரின் நம்பிக்கையே முதன்மை பெறுகின்றது என்பது பலராலும் மறக்கப்படும் உண்மையாகும். லியோ லோவென்தால் 1944 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, அமெரிக்க வெகுசன சஞ்சிகைகளில் வந்த வாழ்க்கை வரலாறுகளைக் கால அடைவில் ஒப்பிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொழிலதிபர், அரசியலாளர் முதலியோர் பெற்ற இடத்தை 1940ஐ அடுத்து நடிகரும் விளையாட்டு வீரரும் பெற்றுவிட்டதை அவர் கண்டார். உற்பத்தியின் நாயகர் போய் நுகர்வின் நாயகர் வந்தனர் என்பது அவரது முடிபு. ஏர்விங் கொஃப்மன் 1950களில், அன்றாட வாழ்க்கையில் மனிதர் அனைவரும் முன்மேடை, பின்மேடை என்ற இரு தளங்களில் இயங்குகின்றனர் என விளக்கினார். முன்மேடையிற் காட்டப்படும் தோற்றம் பின்மேடையிலே தயாரிக்கப்படுகின்றது.

கொஃப்மனின் விளக்கம் நுட்பமானது. ஆயினும் ஒரு கேள்வியை அது எழுப்பாது விடுகின்றது. மேடை யாருக்குச் சொந்தம்? சாதாரண மனிதன் தன் தோற்றத்தைத் தானே பேணுகின்றான். நட்சத்திரத்தின் தோற்றமோ பலருடைய கூலி உழைப்பால் ஆக்கப்பட்டு ஒருவருடைய உடைமையாக நிற்பது. மனிதரிடையேயான சமூக உறவு, பண்டத்தின் இயல்பான குணம்போலத் தோற்றமளிப்பதை மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் (1867) விளக்கினார். நட்சத்திரத்தின் கவர்ச்சி அவரது பிறவிக் குணம்போலத் தோற்றமளிப்பதும் இதே வகையைச் சார்ந்ததே. வால்டர் பெஞ்சமின் 1936 இல் இதனை நேரடியாகவே சுட்டினார். இயந்திரப் பிரதியாக்கத்தினாற் கலைப்படைப்பின் தனித்துவ ஒளி மங்கும்போது, திரைப்பட மூலதனம் அதற்கு ஈடாகக் கலையகத்துக்கு வெளியே நடிகரின் 'ஆளுமை'யைச் செயற்கையாகக் கட்டியெழுப்புகின்றது என்பது அவரது கருத்து.

3

அமெரிக்கத் திரைப்படத்தின் ஆரம்ப ஆண்டுகளில் நடிகரின் பெயர் பொதுவாக வெளியிடப்படுவதில்லை. புளோரன்ஸ் லோரன்ஸ் என்னும் நடிகை, தாம் பணியாற்றிய பயோகிராஃப் கம்பனியின் பெயரைச் சேர்த்தே 'பயோகிராஃப் பெண்' என அழைக்கப்பட்டார். 1910 இல் அவரைத் தம் கம்பனிக்கு அழைத்துக்கொண்ட கார்ல் லெம்லி, அவர் இறந்துவிட்டாரென்ற பொய்ச் செய்தியைக் கண்டிப்பதாக விளம்பரமொன்றை வெளியிட்டார். மறுக்கப்பட்ட வதந்தி மறுத்தவராலேயே பரப்பப்பட்டதென்ற கருத்து நெடுங்காலமாக நிலவி வருகின்றது. எவ்வாறாயினும், நடிகையின் உயிரும் சாவும் விற்பனைச் செய்தியாக முடியும் என்பது அன்று நிரூபிக்கப்பட்டது.

இதன் பின் வந்த பெருங் கலையகங்கள் நடிகரின் பெயர், தலைமயிர், காதல், திருமணம் யாவற்றையும் தம் தயாரிப்புத் திட்டத்துள் அடக்கின. ஸ்பானிய நடனக் கலைஞரின் மகளான மார்கரிட்டா கன்சினோ, தாயின் குடும்பப் பெயரைத் தழுவி ரீட்டா ஹேவர்த் ஆனார். ஸ்பானியச் சாயல் தெரியாதிருக்க அவரது கருங்கூந்தல் நிறம் மாற்றப்பட்டது. நெற்றியோர மயிர்க்கால்கள் மின்சிகிச்சையால் அகற்றப்பட்டு நெற்றி அகலமாக்கப்பட்டது. பிம்ப நிர்வாகம் என்று நாகரிகமாகக் கூறப்படுவது, ஒரு பெண்ணின் உடலிலும் இன அடையாளத்திலும் கம்பனி நடத்திய திருத்த வேலையாக இருந்தது. ஒப்பந்தமோ ஏழாண்டுக் கட்டு. கம்பனி தரும் பாத்திரத்தை மறுத்த நடிகர் இடைநிறுத்தப்படுவார்; அந்நாட்களும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படும். ஒலிவியா டி ஹவிலண்ட் என்ற நடிகை வோர்னர் கம்பனிக்கு எதிராக வழக்காடி, 1944 இல் மேன்முறையீட்டு நீதிமன்றிலே வெற்றி பெற்ற பின்னரே இக்கட்டுத் தளர்ந்தது. தொழிலாளி தன் உழைப்புச் சக்தியை விற்கின்றான். நட்சத்திரம் தன் முகத்தையும் விற்றிருந்தது.

4

ஹொலிவூட்டில் கம்பனியின் உடைமையாக இருந்த பிம்பத்தைத் தமிழ்த் திரையுலகிலே ஒரு நடிகர் தமது சொந்த மூலதனமாக மாற்றிக்கொண்டார். 1917 இல் இலங்கையின் கண்டிப் பகுதியிற் பிறந்து, வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே நாடகக் கம்பனியிற் சேர்ந்த எம்.ஜி. இராமச்சந்திரன், 1936 இல் சதிலீலாவதி என்ற படத்திற் சிறு பாத்திரத்தில் தோன்றினார். கதாநாயகராவதற்கு 1947 இல் வெளிவந்த ராஜகுமாரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1958 இல் நாடோடி மன்னனைத் தாமே தயாரித்து இயக்கிய பின்னர், தமது திரைத்தோற்றத்தின் மீதான கட்டுப்பாடு படிப்படியாக அவர் கைக்கு வந்தது. திரையில் மது அருந்தாமை, புகைக்காமை, தாயைப் போற்றுதல், ஏழையின் சார்பில் நின்று தனியொருவராக வெல்லுதல் ஆகியன மீறப்படா விதிகளாயின. தொழிலாளி (1964), படகோட்டி (1964), விவசாயி (1967), ரிக்‌ஷாக்காரன் (1971) எனப் படத்தின் பெயரே உழைப்பாளர் வகுப்பொன்றின் பெயராயிற்று. சென்னையில் ரிக்‌ஷா இழுப்போருக்கு அவர் மழைக்கோட்டு வழங்கியமை போன்ற கொடைகள், திரைக்கும் வாழ்வுக்குமிடையே வேறுபாடில்லை என்ற நம்பிக்கையை வளர்த்தன.

இவ்விடத்தில் முற்போக்கு விமரிசகர் தம்மை நோக்கியே ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். அப்பிம்பத்தின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது? நாடோடி மன்னனுக்குப் பாடல் எழுதியோருள் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் ஒருவர். விவசாயிகளின் போராட்டங்களிற் பங்குகொண்டு, பொதுவுடைமை இயக்கத்திலே தம் உலகநோக்கைப் பெற்ற கவிஞர் அவர். 1959 இல் 29 வயதிலேயே மறைந்தார். இயக்கத்தின் அனுபவத்தில் விளைந்த சொற்கள், டி.எம். சௌந்தரராஜனின் குரலிலே திரைநாயகரின் உதடசைவோடு இணைந்தபோது, கோடிக்கணக்கான மக்களுக்கு அவை எம்.ஜி.ஆரின் சொற்களாயின. எழுதியவன், இசையமைத்தவன், பாடியவன் ஆகியோரின் கூட்டு உழைப்பு ஒரு முகத்திலே சென்று குவிந்தது. வர்க்க அனுபவம் தனிமனித வள்ளன்மையாக உருமாறியது. பாடுபடுவோர் தம் உரிமையைத் தாமே வெல்லவேண்டும் என்ற பொருள், அதனை வென்று தரும் ஒருவர் வருவார் என்ற பொருளாக மாறியமை அற்ப மாற்றமன்று.

பிம்பம் உடலினின்று பிரிந்து தனித்தியங்கும் வல்லமை பெற்றதை இரு தேர்தல்கள் உணர்த்தின. 1967 ஜனவரி 12 இல் நடிகர் எம்.ஆர். ராதாவினாற் சுடப்பட்டு எம்.ஜி.ஆர். வைத்தியசாலையில் இருந்தபோது, கழுத்திற் கட்டுடன் கூடிய அவரது படம் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தேர்தற் சுவரொட்டியாயிற்று. அவரும் சட்டசபைக்குத் தெரிவானார். 1972 இல் அக்கட்சியிலிருந்து விலக்கப்பட்டுப் புதுக் கட்சி தொடங்கிய அவர் 1977 இல் முதலமைச்சரானார். 1984 இறுதியில் அவர் நியூ யோர்க்கிலே சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்க, அங்கு எடுக்கப்பட்ட வீடியோப் படம் தமிழகமெங்கும் காட்டப்பட்டது. வேட்பாளர் நாட்டில் இல்லாமலே தேர்தல் வெல்லப்பட்டது. 1987 டிசம்பரில் அவர் மறைந்து, உடல் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டபோதும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அகற்றப்படவில்லை. பிம்பத்தின் சொந்தக்காரரே அதன் கைதியாகவும் இருந்தார். இறுதியில் நாயகன் இறப்பதாக அமைந்த பாசம் (1962) என்ற படத்தை இரசிகர் ஏற்க மறுத்தமை அச்சிறையின் சுவர்களை முன்னரே காட்டியிருந்தது.

5

இனி, இரசிகர் பற்றிய கேள்வி எழுகின்றது. படித்த வகுப்பினர் இவர்களை அறிவிலிகள் என்று எள்ளி ஒதுக்குவது வழக்கம். இது ஆய்வுமன்று; முற்போக்குமன்று. பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து பார்த்த முதல் நிகழ்த்துகலைக் களம் சினிமாக் கொட்டகையே என்பதை 1981 இல் எடுத்துக்காட்டினார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, கொடுத்த காசு. கோயிலிலும் சதுர்க் கச்சேரியிலும் இடம் மறுக்கப்பட்டவனுக்கு அக்கொட்டகை தந்த சமத்துவ உணர்வு பொய்யானதன்று. இரசிகர் மன்றம் அமைத்து, சுவரொட்டி ஒட்டி, கொடி கட்டி, படம் வெளியாகும் நாளைத் திருவிழாவாக்கிய இளைஞர் தம் ஊரிலே முதன்முறையாகப் பொது வாழ்வில் ஓர் இடத்தைப் பெற்றனர். வெபர் கூறிய அங்கீகாரம் இவர்களது நாளாந்த உழைப்பாகவே வடிவுற்றது. கூலி பெறாத இவ்வுழைப்பின்றி அப்பிம்பம் ஒருநாளேனும் நிலைத்திராது.

அவ்வுழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது? 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளின் பசியைத் தணித்தது. அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், திரையில் மதுவைத் தொடாதவரின் அரசே 1981 இல் மதுவிலக்கைத் தளர்த்திச் சாராய விற்பனைக்கு வழிவிட்டது. திரையில் விவசாயியாகத் தோன்றியவரின் ஆட்சியில், 1980 முதல் தருமபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் நக்சலைட்டுகள் எனக் கூறப்பட்டோர் பொலிஸாரின் வேட்டைக்கு இலக்காயினர். அவ்வாட்சியின் வரிச்சுமை பெரிதும் ஏழைகள் மீதே வீழ்ந்தது என்றும், ஊர்ப்புறச் செல்வரும் சாராய ஒப்பந்தக்காரரும் பயனடைந்தனர் என்றும் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். தமக்குப் பாதகமான ஆட்சியை ஏழைகளே தாங்கி நின்ற முரண்பாட்டுக்கு விடை பிம்பத்திலேயே உள்ளது என்பது அவரது முடிபு.

6

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், புகழ்பெற்றோரின் பிம்ப நிர்வாகம் என்பது ஒப்பனையும் விளம்பரமும் மட்டும் சார்ந்த விடயமன்று என்பது புலனாகும். பலரது உழைப்பையும் நம்பிக்கையையும் திரட்டி ஒருவரது உடைமையாக்கும் சமூக உறவு அது. முன்னர் கலையகம் செய்த வேலையை இன்று விளம்பர முகவரும் கைத்தொலைபேசித் திரையும் செய்கின்றன. கருவி மாறினும் உறவு மாறவில்லை. பார்வையாளனின் விருப்பக் குறியும் பகிர்வும் கூலியில்லா உழைப்பாகவே தொடர்கின்றன.

நெடுஞ்செழியன் தன் புகழுக்குத் தான் யாருக்குக் கடன்பட்டவன் என்பதை அறிந்திருந்தான். மாங்குடி மருதனின் பெயரை வெளிப்படையாகவே உரைத்தான். நமது காலத்தின் பிம்பங்கள் அக்கடனை மறைத்தே வாழ்கின்றன. ஆகவே, இரசிகனைப் பழிப்பதை விடுத்து, அவன் அப்பிம்பத்தில் இட்டு வைத்த நியாயமான ஏக்கத்தை இனங்கண்டு, அது அவனுக்கே உரியது என்பதை உணர்த்துவது முற்போக்கு விமரிசனத்தின் கடமையாகும். அதனைச் செய்யாதவரை, நாம் எழுதும் பாடல்களும் வேறொருவரின் உதட்டிலேயே ஒலித்துக்கொண்டிருக்கும்.