கிணற்றடியில் பாரடே

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சுழல்கிறது. தொட்டியில் நீர் வந்து விழுகிறது. அன்றாடம் நாம் காணும் இச்செயலுக்கு வித்திட்டவர், கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த ஒரு கொல்லரின் மகன் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு லண்டனை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். வறுமையின் காரணமாக அவருடைய பள்ளிப் படிப்பு விரைவிலேயே நின்றுவிட்டது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்த அவர், கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலில் பற்றுக் கொண்டார். 1813-இல் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார்.

1821-இல், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதை அவர் செய்து காட்டினார். மின் மோட்டாரின் கரு இதுவே. பத்தாண்டுகள் கழித்து, 1831-இல், கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார். டைனமோவின் கரு இது. மின்சாரத்தால் அசைவு, அசைவால் மின்சாரம். இவ்விரண்டு உண்மைகளையும் நம் மண் முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டது.

1932-இல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 3000 அடி உயரத்திலிருந்து பாய்ந்து வரும் நீர், அங்குள்ள எந்திரங்களைச் சுழற்றி மின்சாரத்தைப் பிறப்பித்தது. அம்மின்சாரம் கோவைக்கு வந்ததும் நூற்பாலைகள் பெருகின. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் கோவையில் உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவிலேயே முதலாவது என்று போற்றப்படுகிறது. இன்று உடுமலை, பல்லடம் பக்கங்களில் சுழலும் காற்றாலைகளும் 1831-இன் உண்மையைக் கொண்டே மின்சாரம் தருகின்றன.

முன்னாளில் நம் உழவர்கள் கவலை பூட்டி நீர் இறைத்தனர். எருதுகள் களைத்தால் இறைப்பு நிற்கும். அதற்குள் கிணறு ஊறிவிடும். மோட்டாருக்கோ களைப்பு இல்லை. மழை குறைந்த, பாறை நிறைந்த இப்பகுதியில் கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் பல இடங்களில் 1000 அடியையும் தாண்டிச் சென்றன. கடன் வாங்கித் துளையிட்டு, புழுதி மட்டுமே கண்டு கலங்கும் குடும்பங்கள் உண்டு. உழவரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பயிர் வாடுவதை எந்த உழவரும் பார்த்துக் கொண்டிருக்க மாட்டார். ஆயினும் நம் பிள்ளைகளுக்கு நீர் எஞ்சுமா என்ற கேள்வியை நாம் தள்ளிவிட முடியாது.

இங்கேதான் பாரடே விட்டுச் சென்ற மற்றொரு செல்வம் நினைவுக்கு வருகிறது. அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். சாண்டிமேனியர் எனப்படும் சிறிய கிறிஸ்தவ சபையின் மூப்பராகப் பணியாற்றியவர். தொழில் நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு இருந்தும், ஆராய்ச்சிக்காக அதைக் கைவிட்டார். மின்சாரக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கோரவில்லை. அரசு வழங்க முன்வந்த 'சர்' பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாம் என்றார். 'போதும்' என்று சொல்லத் தெரிந்த பெருமகன் அவர்.

அவரிடம் மற்றொரு நற்பழக்கமும் இருந்தது. தாம் செய்த சோதனை ஒவ்வொன்றையும், தோல்வியுற்றவற்றையும் விடாமல், எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். நம் தோட்டத்து வீடுகளிலும் இப்பழக்கம் வேரூன்றலாம். மாதம் ஒருமுறை கிணற்றில் நீர் எத்தனை அடி ஆழத்தில் நிற்கிறது என்பதைப் பிள்ளைகளைக் கொண்டு அளந்து எழுதச் செய்வோம். மழைக் காலத்தில் எவ்வளவு ஏறியது, கோடையில் எவ்வளவு இறங்கியது என்பது கண்ணெதிரே தெரியும்போது, சொட்டுநீர்ப் பாசனமும் பண்ணைக் குட்டையும் எவருடைய வற்புறுத்தலுமின்றி வந்து சேரும். மோட்டாரை எப்போது ஓட்டுவது என்பதைப் போலவே, எப்போது நிறுத்துவது என்பதையும் அக்குறிப்பேடு நமக்குக் கற்றுத் தரும்.